எங்கள் வீட்டு இலக்கிய மன்றம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் மாணவி)

நம் கல்லூரியில் இலக்கிய மன்றம் உண்டு. அதற்குத் தலைவர் உண்டு; செயலாளர் உண்டு; வரவேற்புரையும் நன்றியுரையும் உண்டு. எங்கள் வீட்டிலும் ஓர் இலக்கிய மன்றம் நடைபெறுகிறது என்று நான் சொன்னால் நண்பர்கள் நகைக்கக்கூடும். அந்த மன்றத்திற்கு உறுப்பினர்கள் இருவரே. ஒருவர் என் தந்தை, மற்றவர் என் தாய். தலைவர் யார், செயலாளர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. நன்றியுரை ஒரு நாளும் நடந்ததில்லை. கூடும் இடம் எங்கள் வீட்டுத் திண்ணை. கூடும் நேரம், இரவுச் சாப்பாட்டிற்குப் பின் அப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறக்கின்ற நேரம்.

எங்கள் ஊர் சோழவந்தான். வைகையின் வடகரையில், மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த ஊர். வெளியூர்க்காரர் கேட்டால் எங்கள் ஊரார் மூன்று செய்திகளைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்று, ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா. இரண்டு, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தென்கரையில்தான் நடிகரும் பாடகருமான டி.ஆர். மகாலிங்கம் பிறந்தார் என்பது. மூன்று, வெற்றிலை. 2023ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழ் படிக்கும் மாணவி என்ற முறையில் நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். தொல்காப்பியப் பாயிரத்திற்கு விருத்தி எழுதிய அரசஞ் சண்முகனார் எங்கள் ஊரினர்.

அப்பாவுக்குக் கொடிக்கால் வேலை. நிலம் சொந்தமன்று, குத்தகை. அகத்தியை நட்டு, அதில் கொடியேற்றி, நிழலும் ஈரமும் குறையாமல் காத்து, வெற்றிலை கிள்ளி, கவுளி கவுளியாக அடுக்கிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அம்மா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நல்ல மதிப்பெண் வாங்கியவர் என்று என் பாட்டி சொல்வார். தேர்வு முடிவு வந்தது ஒரு மாதம், திருமணம் நடந்தது மறு மாதம். இப்போது வீட்டில் தையல் எந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார்.

இந்த இருவருக்கும் நாவல் படிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவுக்கு அது பிறந்த வீட்டுச் சீதனம். அம்மாவின் அத்தை ஒருவர் வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்து எடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து தகரப் பெட்டியில் வைத்திருந்தாராம். அந்தப் பெட்டியில் வளர்ந்த பெண் புகுந்த வீட்டிற்கு வந்தபோது, இங்கே இருந்த ஒரே நூல் பஞ்சாங்கம். மளிகைப் பொட்டலம் மடித்து வந்த தாளைப் பிரித்து, எண்ணெய்க் கறையோடு அம்மா படித்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் அப்பா பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் ஊர் நூலகத்தில் தம் பெயரில் உறுப்பினராகி, ஒரு நாவலைக் கையில் கொண்டு வந்து தையல் எந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அப்பா இதை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

பிறகு, மனைவி எதைப் படித்து விட்டு இப்படித் தனக்குள் சிரிக்கிறாள், எதைப் படித்து விட்டுக் கண்ணைத் துடைக்கிறாள் என்று அறிய வேண்டி அவரும் படிக்கத் தொடங்கினார். இப்படித்தான் மன்றம் தோன்றியது. நூலகத்தில் எடுத்த நூலை இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். முதல் வாரம் அம்மாவுக்கு, இரண்டாம் வாரம் அப்பாவுக்கு. அதுவரை அம்மா கதையின் முடிவைச் சொல்லக் கூடாது. இந்த விதியை அம்மா பலமுறை மீறியிருக்கிறார்.

இவர்கள் பேச்சில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்.' மதுரையிலும் திருப்பரங்குன்றத்திலும் நடக்கின்ற கதை. கல்கியில் தொடராக வந்தபோது தமிழகத்தில் எத்தனையோ பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு அரவிந்தன் மீது அளவற்ற மதிப்பு. "அவன் மாதிரி ஒருத்தன் இன்னைக்கு மதுரையில இருந்தா, நான் போய்க் கும்பிட்டுட்டு வருவேன்" என்பார். அம்மா பள்ளியில் படித்த காலத்தில் பூரணியையே தெய்வமாக நினைத்தவர். ஆனால் நாற்பது வயதில் மறுபடி படித்தபோது அவர் கருத்து மாறிவிட்டது.

"அரவிந்தன் போனதுக்கப்புறம் பூரணி அப்படியே ஒத்தையா நின்னது அன்னைக்கு எனக்குப் பெருமையாத் தெரிஞ்சுச்சு. இன்னைக்குப் படிச்சா, அந்தப் புள்ள மனசுல என்ன இருந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களான்னு தோணுது" என்றார் அம்மா.

"கதை எழுதுனவரு கேட்டிருப்பாரு" என்றார் அப்பா.

"எழுதுனவரு பூரணிய மேலே தூக்கி வச்சாரு. கீழ எறக்கி உக்கார வச்சு, சாப்பிட்டியாத்தான்னு கேக்கல" என்றார் அம்மா.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான் பல நாள் எண்ணியிருக்கிறேன். இலட்சியப் பாத்திரங்களைப் பற்றி நாம் வகுப்பில் படிக்கும் திறனாய்வுக் கருத்துகள் பலவற்றையும் அம்மா தம் மொழியில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது.

அடுத்தது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்.' 1959இல் வந்த சிறிய நாவல். அலங்காநல்லூர் எங்களுக்கு அண்மையில் உள்ள ஊர். 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் ஏறுதழுவல் வேண்டிப் போராட்டம் நடந்தபோது அப்பாவும் அங்கே போயிருந்தார். போராட்டத்தில் யாரோ சொல்லக் கேட்டு, திரும்பி வந்ததும் அந்த நாவலைத் தேடிப் படித்தார். தகப்பனைக் கொன்ற காரிக் காளையை மகன் பிச்சி அடக்குகின்ற கதை. அப்பா ஒரே இரவில் படித்து முடித்துவிட்டு, விடியும்வரை தூங்கவில்லை. அவன் திமிலைப் பிடித்த இடத்தைத் திண்ணையில் நின்று கையாலேயே செய்து காட்டினார்.

அம்மா படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடங்குன மாட்டை ஜமீன்தார் எதுக்குச் சுட்டாரு?"

"மானம்" என்றார் அப்பா. "ஜமீன் மாட்டை ஒருத்தன் புடிச்சுட்டா, அப்புறம் அந்த மாடு இருந்து என்ன?"

"தோத்தது மனுசன். செத்தது மாடு. இதுல மானம் எங்கருந்து வந்துச்சு?" என்றார் அம்மா.

அப்பா நெடுநேரம் விவாதித்தார். மாடு வெறி கொண்டு ஓடியது, ஆளைக் குத்தியிருக்கும் என்றெல்லாம் சொன்னார். அம்மா விடவில்லை. "பெரிய மனுசங்க மானத்துக்கு எப்பவும் வாயில்லாதது தான் சாகணுமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்பா இன்றும் அந்த நாவலை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் முன்னிருந்த உறுதி அவர் குரலில் இல்லை.

இருவரும் ஒருமனதாகப் பாராட்டிய நாவல் ஒன்றே ஒன்று. அது பூமணியின் 'வெக்கை.' 1982இல் வந்தது. 2019இல் 'அசுரன்' என்ற திரைப்படமானபோது அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, பிறகு நாவலைக் கொண்டு வந்தார். கொலை செய்துவிட்ட சிறுவனோடு காட்டிலும் கரட்டிலும் அலைகின்ற தகப்பன் அதில் வருகிறான். "என்ன நடந்தாலும் பெத்த புள்ளையக் கைவிடல பாரு" என்றார் அப்பா. "ஆமா" என்றார் அம்மா. அன்று மன்றம் ஐந்து நிமிடத்தில் கலைந்தது.

இலக்கிய வரலாற்றில் கணவன் மனைவியர் சிலரைப் பற்றி நாம் படிக்கிறோம். குழந்தை வயதில் திருமணமாகி வந்த வை.மு. கோதைநாயகி அம்மாளை அவர் கணவர் பார்த்தசாரதி ஊக்குவித்தார். அந்த அம்மையார் 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்துள்ளன. அந்தக் கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவரே. உருசிய நாட்டில் டால்ஸ்டாய் எழுதிய 'போரும் அமைதியும்' நாவலை அவர் மனைவி சோபியா தம் கையாலேயே திரும்பத் திரும்பப் படியெடுத்தார் என்று படித்திருக்கிறோம். இவர்கள் எல்லாரும் எழுதியவர்கள். அல்லது எழுதியவரின் துணைவர்கள். வெறுமனே படித்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்ட கணவன் மனைவியருக்கு வரலாறு இல்லை. அப்படிப்பட்ட ஓர் இணையரின் பேச்சு என் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சமயம். காலை ரயிலில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வருவேன். மாலையில் அதே வழியாகத் திரும்புவேன். ஐப்பசி மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை. விட்டுப்போன பாடங்களை எழுதிக்கொள்ள என் வகுப்பு மாணவர் ஒருவரிடம் குறிப்பேடு வாங்கியிருந்தேன். அவர் எங்கள் ஊரைத் தாண்டி அடுத்த நிலையத்தில் இறங்குபவர். ஒரு மாலை, நான் சோழவந்தானில் இறங்கிய பிறகுதான் குறிப்பேட்டைத் திருப்பித் தர மறந்தது நினைவு வந்தது. ஓடிப் போய், ரயில் சன்னல் வழியாக அதைக் கொடுத்தேன். வண்டி நகரும்வரை இரண்டு வார்த்தை பேசினேன். அவ்வளவுதான் நடந்தது.

அதை உறவினர் ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் மற்றொருவரிடம் சொல்ல, கடைசியில் கொடிக்காலில் வேலையாக இருந்த அப்பாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்தக் குறிப்பேடு கடிதமாக மாறியிருந்தது. இரண்டு வார்த்தை, இரண்டு வருடப் பழக்கமாக மாறியிருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அப்பா தினமும் மாலையில் ரயில் நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப் போகத் தொடங்கினார். மழைக்காலம், இருட்டிவிடுகிறது என்று என் மீது கொண்ட அன்பினால் வருகிறார் என்றே நான் மகிழ்ந்தேன். தோழியரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

கார்த்திகையில் ஒரு வரன் வந்தது. நிலக்கோட்டைப் பக்கம், நிலம் நீச்சு உள்ள நல்ல குடும்பம். தையில் பேசி முடித்துவிடலாம் என்று அப்பா சொன்னார். மீதிப் படிப்பை அங்கே போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்றார். மீதிப் படிப்பை அங்கே போய்ப் படித்த பெண்கள் எத்தனை பேர் என்பது நம் வகுப்பறைகளில் காலியாகும் இருக்கைகளுக்குத் தெரியும். நான் அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் மௌனம் எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அந்த வாரங்களில் மன்றத்தில் இருந்த நாவல் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்.' 1972ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஜெயகாந்தன் முன்பு எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் கெட்டுப்போய் வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் அணைத்துக்கொள்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். கங்கா படிக்கிறாள், பெரிய உத்தியோகத்துக்குப் போகிறாள். ஆனால் அவள் வாழ்க்கை மீளவேயில்லை.

நான் உள்ளே பாடம் படிப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"படிச்சா, உத்தியோகம் பாத்தா. கடைசியில என்ன ஆச்சு? ஒத்தையா நின்னு சீரழிஞ்சுதான போனா? அன்னைக்கே ஒரு எடத்துல கட்டிக் குடுத்திருந்தா இந்தக் கதையே இல்ல" என்றார் அப்பா. அவர் கங்காவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அம்மா வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "அவ ஒத்தையா நின்னது படிச்சதுனால இல்ல. என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட வீட்டுல ஒருத்தரும் ஒக்காந்து கேக்கல. அதுனால. அண்ணன் அடிச்சான், ஆத்தா அழுதா, ஊரு பேசுச்சு. எல்லாரும் வாயத் தொறந்தாங்க. காதத்தான் ஒருத்தரும் தொறக்கல."

அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போனார். எனக்கு அப்போதும் அம்மாவின் பேச்சு முழுதாக விளங்கவில்லை.

மார்கழியில் எங்களுக்கு நாவல் இலக்கிய வரலாறு பாடம் தொடங்கியது. 1879இல் வந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அடுத்துக் குறிப்பிடத்தக்கது பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்.' 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். நானும் இவ்வளவைத்தான் மனப்பாடம் செய்தேன். பேராசிரியர் நாவலையே படித்துவிட்டு வரச் சொன்னதால் கல்லூரி நூலகத்தில் எடுத்து வீட்டில் வைத்திருந்தேன். அதை அம்மா எடுத்துக்கொண்டார்.

ராஜமய்யர் வத்தலக்குண்டில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டுக்குப் பேருந்தில் போய்விடலாம். அவர் இந்த நாவலைத் தொடங்கியபோது வயது இருபத்தொன்று, இறந்தபோது இருபத்தாறு. ஏறக்குறைய நம் வயதில், நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மதுரைச் சீமையின் ஒரு கிராமத்து வீட்டை, அதன் சமையலறைப் பேச்சோடும் கிணற்றடி வம்போடும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். வடமொழிச் சொற்கள் மிகுந்த பழைய நடை. அம்மா முதலில் தடுமாறினார். விளங்காத இடங்களை நான் படித்துச் சொன்னேன். வம்பு பேசும் பெண்கள் வரும் பகுதிக்கு வந்ததும் அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. "இவங்கள எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே படித்தார். ஒரு வாரத்தில் முடித்து, அப்பாவின் தலைமாட்டில் வைத்தார்.

நாவலில் முத்துஸ்வாமி அய்யரும் கமலாம்பாளும் அன்பான தம்பதிகள். ஊரில் செல்வாக்குள்ள குடும்பம். கமலாம்பாளைப் பற்றி ஓர் அவதூறு கிளம்புகிறது. ஊர் பேசுகிறது. அது கணவரின் காதுக்கும் எட்டுகிறது. அவர் அதை நம்பி, மனமுடைந்து, வீட்டை விட்டே போய்விடுகிறார். உயிரையே விடத் துணிந்து, பின் துறவியின் வழியில் சென்று, நெடுங்காலத்துக்குப் பிறகுதான் இருவரும் சேர்கிறார்கள். ராஜமய்யர் இதற்கு முதலில் வைத்த பெயரிலேயே 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்ற தொடர் இருக்கிறது. ஊர் கட்டும் பழி எவ்வளவு ஆபத்தானது என்பதுதான் அதன் பொருள்.

தை பிறப்பதற்கு நான்கைந்து நாள் இருக்கும். நல்ல பனி. அப்பா நாவலை முடித்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம். முத்துஸ்வாமி அய்யர் மீதுதான்.

"எவ்வளவு பெரிய மனுசன். ஊருக்கே புத்தி சொல்றவன். எவனோ சொன்னான்னு நம்பிட்டானே! பொண்டாட்டிகிட்டப் போயி, 'இப்படிச் சொல்றாங்களே, என்னடி சங்கதி?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. பாதிக் கதை மிச்சமாயிருக்கும். கேக்காமயே போயிட்டான். முட்டாப்பய!"

அம்மா தலை நிமிரவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவியதை மடித்து அப்பாவிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்: "நீங்க கேட்டீங்களா?"

நான் உள்ளே கதவோரம் இருந்தேன். எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. வெற்றிலை அவர் கையிலேயே இருந்தது. நீட்டிய கையை அம்மா மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. வெகு நேரம் கழித்து அப்பா வெற்றிலையைப் போடாமல் பெட்டியிலேயே வைத்து மூடிவிட்டு, முற்றத்தில் போய் நின்றார்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பி, "ஏத்தா, கொடிக்காலுக்கு வர்றியா?" என்றார். சிறுமியாக இருந்தபோது போனது. அதற்குப் பிறகு அவர் அழைத்ததில்லை. கொடிக்காலுக்குள் அகத்தி இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், கேள்விப்பட்டதை எல்லாம் சொன்னார். "என்னத்தா இது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். காய்ச்சல், குறிப்பேடு, ரயில் சன்னல். சொல்வதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நிமிடச் செய்திக்காகவா இரண்டு மாதம் என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மாலைதோறும் ரயில் நிலையத்தில் அவர் எதற்காக நின்றார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அது மிகவும் வலித்தது. இப்போதும் நினைத்தால் வலிக்கிறது.

அப்பா நெடுநேரம் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை அன்னைக்கே உன்கிட்டக் கேட்டிருக்கணும்" என்றார். எங்கள் பக்கத்தில் தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பட்டம் வாங்கும்வரை பொறுக்க முடியுமா என்று நிலக்கோட்டைக்காரர்களிடம் அப்பா கேட்டார். அவர்கள் பொறுக்கவில்லை; வேறிடத்தில் முடித்துக்கொண்டார்கள். "நல்ல எடம்" என்று அப்பா இன்றும் எப்போதாவது பெருமூச்சு விடுவதுண்டு. அவர் முழுதாக மாறிவிட்டார் என்று எழுதி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. கங்காவை அவர் இன்னும் ஏற்கவில்லை. இளங்கலைக்கு மேல் நான் படிக்கலாமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் விவாதத்தில் இருக்கிறது! முடிவாகி என் காதுக்கு வருவதற்கும், என் முன்னால் விவாதிக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை என்னைப் போன்ற மாணவியர் அறிவர்.

சில நாள் கழித்து அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா பேசாம இருந்தீங்க? அப்பாகிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா எந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "நேராச் சொன்னா சண்டை வரும். சண்டையில நான் ஜெயிச்சா அவுக மனசு நோகும்; அவுக ஜெயிச்சா உன் வாழ்க்கை போகும். கதையில வர்றவங்களப் பத்திப் பேசுனா யாரும் ஜெயிக்க வேண்டியதில்ல. அவுகளாவே யோசிச்சுக்குவாக."

"அதுக்காகத்தான் கமலாம்பாளைக் குடுத்தீங்களா?"

"புத்தகம் நீ கொண்டாந்தது. நான் என்ன கண்டேன்?" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவர் சொன்னதை நான் முழுதும் நம்பவில்லை.

இதிலிருந்து நான் கற்ற பாடம் எளியது. வீட்டில் ஒருவருக்கொருவர் நேருக்கு நேர் சொல்ல முடியாத செய்திகள் பல உண்டு. அன்பு குறைவாக இருப்பதால் அன்று. சொல்லும் வழி தெரியாததால். கதை மாந்தர்களைப் பற்றிப் பேசும்போது அந்த வழி திறக்கிறது. முத்துஸ்வாமி அய்யரை முட்டாள் என்று சொல்ல அப்பாவுக்குத் தயக்கமில்லை. அந்தச் சொல் தம்மிடமே திரும்பி வந்தபோது அதை மறுக்கவும் அவரால் முடியவில்லை, ஏனெனில் அது அவரே கூறிய தீர்ப்பு. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் வத்தலக்குண்டு இளைஞர் ஒருவர் எழுதிய நாவல், என்னை இன்று இந்தக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார வைத்திருக்கிறது.

நண்பர்களே, நாம் நாவல்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். ஆசிரியர் பெயர், பரிசு பெற்ற ஆண்டு, கதைச் சுருக்கம் ஆகியவற்றைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அது வேண்டியதுதான், நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த நாவலைப் படித்து நாம் எந்தப் பாத்திரத்தின் மீது கோபப்பட்டோம், யாரோடு சண்டை போட்டோம் என்பதை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? எட்டாம் வகுப்புப் படித்தவரும் பத்தாம் வகுப்புப் படித்தவரும் திண்ணையில் செய்வதை நாம் வகுப்பறையில் செய்யக் கூடாதா? பேராசிரியப் பெருமக்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் எங்களிடம், 'ஆசிரியர் என்ன சொல்கிறார்?' என்று கேட்காமல், 'நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

இன்னும் ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். மதுரையில் நத்தம் சாலையில் 2023ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்க்கச் சென்ற பொங்கல் கழிந்து மூவரும் போயிருந்தோம். அத்தனை மாடி நூல்களைப் பார்த்து அம்மா சிறிது நேரம் பேசாமல் நின்றார். திரும்பும் வழியில், ரயிலில், அப்பாவிடம் சொன்னார்: "இத்தனை வருசமா உங்க பேர்லதான் புத்தகம் எடுத்துப் படிக்கிறேன். ஊரு நூலகத்துல என் பேர்ல ஒரு அட்டை வாங்கணும்." அப்பா மறுநாளே படிவம் வாங்கி வந்து எந்திரத்தின் மேல் வைத்தார். அதில் பெயரை அம்மாவே எழுதினார். இப்போது எங்கள் மன்றத்துக்கு அட்டைகள் இரண்டு, ஆகவே நாவல்களும் இரண்டு. யார் எதை முதலில் படிப்பது என்று தகராறும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இந்த வாரம் நடப்பது, மதுரையிலேயே வாழ்ந்து மறைந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி.' கடல் கடந்த நாட்டில் போர்க்காலத்தில் இருந்துகொண்டு, மதுரையின் தெருக்களை நினைத்துப் பார்க்கின்ற ஒருவனின் கதை. அப்பா பாதி முடித்துவிட்டார்; நம் ஊர் மண்ணை விட்டுப் போனவனுக்குத்தான் அதன் அருமை தெரிகிறது என்று உருகுகிறார். அம்மாவோ, அவன் ஊரை நினைத்தது சரி, வீட்டை நினைத்தானா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று கூறியிருக்கிறார். மன்றத்தின் தீர்ப்பு இன்னும் வெளிவரவில்லை.